சாந்தம் என்றால் வாயை மூடிக்கொள்வதா?

கேள்வி: ஞாயிறு பள்ளிக்குக் கிறிஸ்மஸ் நாடகம் எழுதி, ஆறு வாரம் பிள்ளைகளைப் பழக்கியதும் நான்தான். மேடையில் எங்கள் பொறுப்பாளர் தானே எழுதியதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். கணவரோ, "இதற்குப் பேர் சாந்தமில்லை, பயம்" என்கிறார். அன்றிலிருந்து தூக்கமே இல்லை. யார் சொல்வது சரி, ஐயா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் தூக்கம் இல்லை என்ற வரியைத்தான் இரண்டு முறை படித்தேன், அம்மா. வாய் மூடியிருக்கிறது, உள்ளே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இதைச் சாந்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பூமியிலுள்ள எல்லாரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12-ஆம் அதிகாரம் மோசேயைச் சொல்கிறது. சாதுவான ஆளா அவர்? எகிப்தின் ராஜா பார்வோன் முன் நின்று வாதாடியவர். ஜனங்கள் வணங்கிய பொன் கன்றுக்குட்டியைக் கண்ட கோபத்தில், தேவன் கட்டளைகளை எழுதித் தந்த கற்பலகைகளையே போட்டு உடைத்தவர். ஆனால் அந்த 12-ஆம் அதிகாரத்தில் அவரைக் குறை பேசியது சொந்த அக்காள் மிரியாம். அப்போது தனக்காக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குக் குஷ்டம் வந்ததும், அவளைக் குணமாக்கும் என்று கெஞ்சினார். உங்கள் பொறுப்பாளருக்காக இப்படி ஜெபிக்க முடிகிறதா? முடிந்தால் உங்கள் மௌனம் சாந்தம்தான். இல்லையென்றால், உங்கள் கணவர் சொன்னதில் பாதியாவது சரி.

இயேசுவும் எல்லா நேரமும் மௌனமாக இருக்கவில்லை. பிரதான ஆசாரியன் முன் ஒரு சேவகன் அவரை அறைந்தபோது, நான் தவறாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார் (யோவான் 18). திருப்பி அடிக்கவில்லை, அடித்ததை நியாயம் என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை.

மனத்தாழ்மை விஷயத்தில் நானே ஒருமுறை மாட்டிக்கொண்டவன். இளவயதில் பிரசங்கம் முடிந்து யாராவது பாராட்டினால், "எனக்கென்னங்க தெரியும்" என்பேன். இல்லை இல்லை என்று அவர்கள் இன்னொரு முறை பாராட்டுவார்கள், அதற்காகத்தான் சொன்னதே. ஒரு பெரியவர் மட்டும், "சரி தம்பி, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தயாரித்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று நாள் எரிந்தது. அப்புறம்தான் புரிந்தது, என்னிடம் இருந்தது தாழ்மையின் வசனம் மட்டுமே என்று. சீஷர்களின் கால்களைக் கழுவ எழுந்தபோது, தான் யார், எங்கிருந்து வந்தவர் என்பதை இயேசு அறிந்திருந்தார் என்று யோவான் 13 சொல்கிறது. அறிந்துதான் துண்டை இடுப்பில் கட்டினார். ஆகவே, நாடகத்தை எழுதியது நான் இல்லை என்று நீங்கள் நடிக்கத் தேவையில்லை.

என்ன செய்யலாம்? மத்தேயு 18:15 வழி சொல்கிறது: நீங்களும் அவரும் தனியாக இருக்கும்போது பேசுங்கள். பாடகர் குழுவிடம் முதலில் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லியிருந்தால், அதையும் அவரிடம் ஒத்துக்கொள்ளுங்கள். "எழுதியவள் நான். மேடையில் நீங்கள் அப்படிச் சொன்னது வலித்தது." இவ்வளவு போதும்.

அவர் மழுப்பலாம். மழுப்பினாலும் அடுத்த வருட நாடகத்தை எழுதிக் கொடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டே கொடுங்கள்.