உட்கரு மதிப்பெண் 3, கிரேடு மட்டும் 2: அறிக்கை தவறா?

தவறில்லை. உங்கள் அம்மாவின் மார்பகப் புற்றுநோய் பயாப்சி (திசுத் துணுக்குப் பரிசோதனை) அறிக்கையில் செல்லின் உட்கருவுக்கு 3 என்றும் கிரேடு 2 என்றும் இருப்பதில் முரண்பாடு கிடையாது. உட்கருவுக்குப் போட்டது மூன்று மதிப்பெண்களில் ஒன்றுதான். கிரேடு என்பது புற்றுநோய் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதன் அளவு; அந்த மூன்றையும் கூட்டி வரும் மொத்தத்தை வைத்துச் சொல்வது.

நாட்டிங்காம் முறையில் செல்கள் எந்த அளவுக்குக் குழாய் வடிவில் அமைந்துள்ளன, உட்கரு எவ்வளவு பெருத்து உருக்குலைந்திருக்கிறது, எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை போடுவார்கள். மொத்தம் 3-5 என்றால் கிரேடு 1, 6-7 என்றால் கிரேடு 2, 8-9 என்றால் கிரேடு 3. அறிக்கையில் மூன்று எண்களையும் தேடிக் கூட்டிப் பாருங்கள். 3, 3, 1 என்றிருந்தால் 7, கணக்கு சரி.

சொந்தக்காரர் 'மூணாவது ஸ்டேஜ்' என்று பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் இந்த 3-ஐப் பார்த்துக் குழம்பியிருப்பார். ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, அக்குள் நெறிகட்டி, பரவல் எல்லாம் பார்த்துச் சொல்வது.

அப்புறம், ஹார்மோன் ஏற்பிகளான இஆர், பிஆர், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 மூன்றும்கூட உட்கருவில் சாயம் ஏறுவதை எண்ணிச் சொல்பவைதான். ஹெர்-2 என்ற புரதத்துக்கு மட்டும் செல்லின் சவ்வில் சாயம் ஏறுவதைப் பார்ப்பார்கள். சிகிச்சை முடிவுக்கு இவையும் வேண்டும், வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

ஒன்று: ஊசி பயாப்சியில் எடுப்பது சின்னத் துணுக்கு. பிரியும் செல்கள் குறைவாகத் தெரிந்து, ஆபரேஷனுக்குப் பிறகு கிரேடு ஏறலாம். குடியாத்தத்திலிருந்து வேலூர் சிஎம்சிக்கு இரண்டாவது கருத்துக்குப் போனால் தாளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். லேபில் ஸ்லைடையும், திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள்.