கண்ணாடிக்கு அப்பால் தெரியும் உலகம்

கேள்வி: என் வயது 23. தேர்வுக்காகப் பல இரவுகள் சரியாகத் தூங்காமல் படித்துவந்தபோது, ஒருநாள் திடீரென நெஞ்சு படபடத்து, உடல் வியர்த்து, செத்துவிடுவேன் என்ற பயம் வந்தது. அரை மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து மூன்று மாதங்களாகக் கனவுக்குள் நடமாடுவது போல இருக்கிறது. நான் பேசினால் வேறு யாரோ பேசுவது போலக் கேட்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்கிறேன், நெருக்கம் தோன்றவில்லை. மனத்தை நிலைப்படுத்தத் தினமும் இரண்டு மணி நேரம் தியானம் செய்கிறேன். அதன் பிறகு இன்னும் கூடுகிறது. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா?

பதில்: இல்லை என்றே உங்கள் கடிதம் சொல்கிறது. அதில் ‘போல’ என்ற சொல் இருமுறை வருகிறது; இத்தகைய கடிதங்களில் நான் முதலில் தேடுவது அதைத்தான். மனச்சிதைவு நோயின் தீவிர நிலையில் இருப்பவர், தன் குரலை வேறொருவர் இயக்குகிறார் என்று உறுதியாகவே நம்பக்கூடும். உங்களுக்கோ குரல் உங்களுடையதுதான் என்பது தெரிகிறது. அது உங்களுடையது என்ற உணர்வு மட்டும் உடன் வரவில்லை.

தன்னிடமிருந்தே விலகி நிற்பதாகத் தோன்றும் இந்த உணர்வை டீபெர்சனலைசேஷன் என்றும், சுற்றியுள்ள உலகம் மெய்யற்றதாகத் தோன்றுவதை டீரியலைசேஷன் என்றும் அழைக்கிறோம். முதல் சொல்லை 1898இல் உளவியலில் புழக்கத்திற்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு அறிஞர் லுடோவிக் டூகா. அவர் அதை எடுத்தது ஒரு தத்துவப் பேராசிரியரின் நாட்குறிப்பிலிருந்து என்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே படும், ஏனெனில் தன்னையே ஓயாமல் கவனிக்கும் மனங்களில் இவ்வுணர்வு எளிதில் வேரூன்றுகிறது. சில நிமிடங்களோ மணி நேரங்களோ நீடித்து மறையும் அளவில் இது மிகப் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிறது. நீடித்த கோளாறாக நிலைப்பது நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு. பெரும்பாலும் பதின்பருவத்திலோ இருபதுகளிலோ தொடங்கும்.

நாம் ஒரு முகத்தைப் பார்க்கும்போது அதன் வடிவம் மட்டும் மூளையில் பதிவதில்லை. உடலுக்குள் எழும் மெல்லிய கிளர்ச்சியும் அதனுடன் சேர்வதால்தான் அந்த முகம் நமக்கு வேண்டியவரின் முகமாகிறது. தாங்க முடியாத அச்சம் வரும்போது மூளை அந்தக் கிளர்ச்சியின் ஒலியளவைக் குறைத்துவிடுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இந்நிலையில் உள்ளவர்களுக்கு அருவருப்பான படங்களைக் காட்டினால், தோலின் வியர்வை எதிர்வினை மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இது ஒரு காப்பு ஏற்பாடாகவும் இருக்கலாம். மலையிலிருந்து விழுந்து பிழைத்தவர்களின் அனுபவங்களைத் திரட்டி 1892இல் வெளியிட்ட சுவிஸ் நிலவியலாளர் ஆல்பர்ட் ஹைம், தானும் அவ்வாறு விழுந்தவர். விழும் கணங்களில் அச்சத்திற்குப் பதில் வியப்பூட்டும் அமைதி இருந்ததாக அவர்களில் பலர் கூறியதை அவர் பதிவு செய்தார். உங்களுக்கும் அன்றைய பீதியின்போது அந்த ஏற்பாடு இயங்கியிருக்கிறது. ஆபத்து நீங்கிய பிறகும் அணையாமல் நிற்கிறது.

அணையாததற்குப் பெரும் காரணம், “இப்போதும் இருக்கிறதா?” என்று நீங்கள் அடிக்கடி சோதிப்பதாக இருக்கலாம். சோதிக்கும்போது அச்சம் எழுகிறது, அச்சம் விலகலைக் கூட்டுகிறது, கூடியது மறுபடி சோதிக்க வைக்கிறது. தியானத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ‘நான்’ என்ற உணர்வைத் தளர்த்துவதையே சில பயிற்சிகள் நாடுகின்றன. தேடிச் செல்பவருக்கு அமைதி தரும் அதே நிலை, கேட்காமல் வந்து சேர்ந்தவரைக் கலங்கடிக்கிறது. தற்போதைக்கு அதை நிறுத்திவிட்டு, கவனத்தை வெளியே திருப்பும் செயல்களில் ஈடுபடுங்கள்: வேகமான நடை, கைவேலை, பிறருடன் உரையாடல். தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். கஞ்சா இந்நிலையைத் தூண்டக்கூடியது என்பதால் அறவே கூடாது.

மூன்று மாதங்கள் ஆகிவிட்டதால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். இதற்கென்றே உறுதியாகப் பலன் தரும் மாத்திரை இதுவரை இல்லை; பதற்றமோ மனச்சோர்வோ உடனிருந்தால் அவற்றுக்கு மருந்து உதவும். இந்தச் சோதிக்கும் பழக்கத்தை உடைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே நான் முதலில் பரிந்துரைப்பது. நினைவு தப்புதல், இல்லாத வாடை வீசுதல், கைகால் வெட்டி இழுத்தல் ஆகியவற்றுடன் இது சிறு சிறு பொழுதுகளாக வந்து போனால், வலிப்பு நோயா என்று அறிய நரம்பியல் மருத்துவரிடம் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பரிசோதனை செய்ய வேண்டும். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இவ்வுணர்வை வாய்விட்டு விளக்குவது கடினம் என்பதால் பலர் வேறு எதையோ சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனவே எனக்கு எழுதிய இதே கடிதத்தை மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.