பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: கடையிலேயே சோதித்து வாங்குங்கள்

கேள்வி: கல்லூரியில் சேரவிருக்கும் என் மகளுக்கு, அலுவலகப் பயன்பாட்டிலிருந்து விற்பனைக்கு வந்த மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்னும் இயங்குதளத்தை நிறுவலாம் என்றிருக்கிறேன். எந்த மாடலிலும் லினக்ஸ் ஓடும் என்கிறார் கடைக்காரர். ஆனால் என் நண்பர் வாங்கிய கணினியில் வைஃபை வேலை செய்யவில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கடைக்காரர் சொல்வது பொய்யன்று, ஆனால் ஓடுவது வேறு, ஒழுங்காக ஓடுவது வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்காத, ஆனால் நல்ல நிலையில் உள்ள கணினிகள் பல விற்பனைக்கு வருகின்றன. உங்கள் எண்ணம் சரியானதே.

மாடல் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பெயரில் வரும் கணினிகளுக்குள்ளும் வெவ்வேறு வைஃபை அட்டைகள் இருப்பதுண்டு. இன்டெல் அட்டைகளுக்கான இயக்கி (அட்டையை வேலை செய்ய வைக்கும் மென்பொருள், அதாவது டிரைவர்) லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பதால் அவை பெரும்பாலும் உடனே வேலை செய்யும். பிராட்காம் சில்லுகள் பலவற்றுக்கோ இயக்கியைத் தனியாக நிறுவ வேண்டும். உங்கள் நண்பரின் கணினியில் இருப்பது அத்தகைய சில்லு என்றால், கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து, அதன் இணையத்தைக் கொண்டு மின்டின் 'டிரைவர் மேனேஜர்' வழியாக இயக்கியை நிறுவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்டை ஏற்றிக் கடைக்கு எடுத்துச் செல்வதுதான். எதையும் நிறுவாமல், வட்டில் இருப்பதைத் தொடாமல், பென்டிரைவிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சத்தை மாற்றும் விசைகள் ஆகியவற்றைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். அதன்பின் மூடியைச் சாத்தி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். திரை உயிர்பெற்று, வைஃபை தானாக மீண்டும் இணைந்தால் நல்லது. திரை கருப்பாகவே நின்றால் அந்தக் கணினி வேண்டாம். பலரும் விட்டுவிடும் சோதனை இது. மூடியைச் சாத்தியதும் உறங்க வேண்டிய கணினி உறங்காவிட்டால், மகள் மாலையில் பைக்குள் வைத்தது காலையில் பேட்டரி தீர்ந்து கிடக்கும்.

பேட்டரியையும் அப்போதே பார்த்துவிடுங்கள். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) 'upower -d' என்னும் கட்டளை, பேட்டரியின் இன்றைய முழுக் கொள்ளளவையும், அது புதிதாக இருந்தபோது கொண்டிருக்க வேண்டிய கொள்ளளவையும் காட்டும். முன்னது பின்னதில் பாதியாகக் குறைந்திருந்தால், புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். தனி என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை படிப்புக்குத் தேவையில்லை என்றால் அதைத் தவிர்ப்பது நல்லது; இயக்கித் தொல்லை பெரிதும் குறையும். கைரேகை உணரிகள் பல லினக்ஸில் இயங்குவதில்லை என்பதால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

அலுவலகக் கணினிகளில் பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) கடவுச்சொல் நீக்கப்படாமல் இருப்பதுண்டு. அது இருந்தால் பென்டிரைவிலிருந்து இயக்குவதற்கான அமைப்பையே மாற்ற முடியாமல் போகலாம். கடைக்காரரை உங்கள் கண்முன்னே அதை நீக்கித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு கணினியைக் கேளுங்கள்.