எல்ஸ் கூடாதா?

கேள்வி: ஜாவாவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் தெரியும். ஆனாலும் என் கோடு பழைய சி புரோகிராம் மாதிரியே இருக்கிறதாம். ‘ஆப்ஜெக்ட் கலிஸ்தெனிக்ஸ்’ பழகு என்கிறார் டீம் லீட். அதில், இஃப் நிபந்தனை பொய்யானால் ஓடுகிற எல்ஸே எழுதக் கூடாதாமே, நிஜமா?
– வாசகர், கோவை

பதில்: நிஜம்தான். 2008இல் வெளிவந்த, தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கட்டுரைத் தொகுப்பில் ஜெஃப் பே எழுதிய ஒன்பது விதிகளில் அதுவும் ஒன்று. கலிஸ்தெனிக்ஸ் என்றால் தண்டால், பஸ்கி மாதிரி உடற்பயிற்சி. தண்டால் எடுத்துக்கொண்டே யாரும் ஆபீசுக்குப் போவதில்லை, அதனால் இதையும் ஆபீஸ் கோடில் திணிக்காமல், 1000 வரிக்குள் முடிகிற சொந்த புரோகிராம் ஒன்றில் எந்த விதியையும் தளர்த்தாமல் எழுதிப் பாருங்கள்.

எல்ஸைவிட உங்களுக்கு முக்கியம், கெட்டர் செட்டர் (ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் மதிப்பை வெளியே எடுக்கவும் மாற்றவும் எழுதுகிற மெத்தடுகள்) கூடாது என்கிற விதி. இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? வங்கிக் கணக்கு ஆப்ஜெக்டிடமிருந்து இருப்பை வாங்கி, போதுமா என்று வெளியே பார்த்து, கழித்து, மறுபடி உள்ளே வைப்பீர்கள். கிளாஸ் என்று பெயர், உள்ளே இருப்பது வெறும் தகவலை மட்டும் வைத்திருக்கும் சி ஸ்ட்ரக்ட்! கெட்டரை எடுத்துவிட்டால் வேறு வழியில்லை, ‘இவ்வளவு பணம் எடு’ என்று கணக்கிடமே சொல்ல வேண்டும், முடியுமா முடியாதா என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது, வெறும் இன்ட் (முழு எண்), ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடர்) அப்படியே கையாளாமல் தனி கிளாஸில் பொதிவது. ஐந்து என்றால் ஐந்து ரூபாயா, ஐந்து கிலோவா? 1999இல் நாசா மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலத்தை இழந்தது இப்படித்தான்: ஒரு மென்பொருள் விசையைப் பவுண்டுக் கணக்கில் அளந்து எண்ணைக் கொடுக்க, இன்னொன்று அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டது.

சரி, எல்ஸுக்கு வருவோம். இஃபுக்குள்ளேயே ரிட்டர்ன் போட்டு, மெத்தடைவிட்டுப் பாதியிலேயே வெளியேறித் தப்பிக்கலாம், எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஆனால் குழந்தையா, பெரியவரா, பாஸ் வைத்திருப்பவரா என்று பஸ் கட்டணத்துக்கு ஒரே இஃப் நாலு இடத்தில் வந்தால், ஆளுக்கொரு கிளாஸாகப் பிரித்து, கட்டணத்தை அவரவரே சொல்லும்படி விட்டுவிடுங்கள்.

ஒரு கிளாஸில் இரண்டு வேரியபிளுக்கு மேல் கூடாது என்ற விதி எனக்கே கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் பயிற்சி முடியும்வரை அதையும் விடாதீர்கள். அப்புறம் ஆபீஸ் கோடில் ஒன்றிரண்டு கெட்டர் இருந்தால் பரவாயில்லை, இருப்பைத் திரையில் காட்ட வேண்டுமே!