இழுப்பறை சிக்குகிறதா? இழைப்புளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கேள்வி: தேக்குப் பலகையில் ஆறு இழுப்பறை வைத்த டிரஸ்ஸர் ஒன்றைக் கையாலேயே செய்துகொண்டிருக்கிறேன். இதற்கு முன் ஸ்டூலும் புத்தக அலமாரியும் செய்ததுதான் அனுபவம். இழுப்பறைகள் உட்காரும் வெளிக்கூடு முடிந்துவிட்டது. இழுப்பறைகளை உள்ளே விட்டுப் பார்த்தால் இரண்டு மேலே கீழே இறுகுகின்றன, ஒன்று பாதி தூரம் போய்க் கோணிக்கொண்டு நிற்கிறது. இழைத்துத் தள்ளிவிடலாமா, இல்லை பேசாமல் இழுப்பறை வழுக்கி ஓட இரும்புச் சேனல் போட்டுவிடலாமா? இழுப்பறை ஓடும் கட்டைகளைப் பக்கப்பலகையில் முழு நீளத்துக்கும் பசை தடவி ஆணியும் அடித்திருக்கிறேன். அதனால் பிரச்சினை அங்கே இருக்காது.

பதில்: இழுப்பறை சிக்குவது சின்ன விஷயம், ஒரு மாலை உட்கார்ந்தால் சரியாகிவிடும். கடைசியாக "அங்கே இருக்காது" என்று சொன்னீர்களே, பெரிய பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. அகலவாக்கில் மட்டும் ஈரக்காற்றில் உப்பும், வறண்ட காற்றில் சுருங்கும். நன்றாகப் பதப்படுத்திய மரமானாலும், நாலு கோட் வார்னிஷ் அடித்தாலும் இது நிற்காது. வேகம் குறையும், அவ்வளவுதான். தேக்கு இந்த விஷயத்தில் ரொம்பச் சாதுவான மரம். அப்படியும் 45 செ.மீ. அகலப் பலகை ஈரமான மாதத்துக்கும் வறண்ட மாதத்துக்கும் நடுவில் 2, 3 மி.மீ. கூடிக் குறையலாம்.

உங்கள் பக்கப்பலகையில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் திசை, மேலிருந்து கீழாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். ஓட்டக்கட்டை முன்னிருந்து பின்னாக, அந்த ரேகைக்குக் குறுக்கே கிடக்கிறது. பலகை சுருங்கப் பார்க்கும், கட்டை விடாது. இந்த இழுபறியில் தோற்பது பெரும்பாலும் பலகைதான். ஒரு நாள் ராத்திரி 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். காலையில் பார்த்தால் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு.

அதனால் முதல் வேலை அந்தக் கட்டைகளைக் கழற்றுவது. ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, உளியைக் கட்டையின் ரேகையோடு வைத்துச் சின்னச் சின்னத் துண்டாகப் பிளந்து எடுங்கள். கட்டை போனால் போகட்டும், பலகை தப்பிக்க வேண்டும். மிச்சமிருக்கும் வெள்ளைப் பசையை வெந்நீரில் நனைத்த துணியால் ஊறவைத்தால் சுரண்டுவது எளிது. நன்றாகக் காய்ந்த பிறகு புதுக் கட்டை போடுங்கள். இந்த முறை முன்பக்கம் 5, 6 செ.மீ. மட்டும் பசை. பின்பக்கம் ஒரு திருகாணி போதும், ஆனால் அது போகும் துளை வட்டமாக இல்லாமல் கட்டையின் நீளவாக்கில் நீள்துளையாக இருக்கட்டும். பலகை அசையும்போது திருகாணியும் அந்த இடைவெளிக்குள் சேர்ந்து நகர்ந்துகொள்ளும். மேல்பலகையைச் சட்டத்தின் மேல் உட்கார வைத்திருந்தால் அங்கேயும் இதே நீள்துளைதான், பசை கிடையாது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். எந்தத் திசையில் இறுகுகிறது என்று பாருங்கள். மேலே கீழே இறுகினால் அது பெரும்பாலும் காற்றின் வேலை, ஏனென்றால் இழுப்பறையின் உயரம் பலகையின் அகலத்திலிருந்து வருகிறது. இடது வலதாக இறுகினால் காற்றைத் திட்டிப் பயனில்லை. இழுப்பறையின் அகலம் மரத்தின் நீளத்திலிருந்து வருகிறது, அது மாறாது. அந்தத் தப்பு நம் கையுடையது.

உயரத்துக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்பது நீங்கள் வேலை செய்யும் பருவத்தைப் பொறுத்தது. மரம் ஈரத்தில் உப்பியிருக்கும் நாளில், 20 செ.மீ. உயர இழுப்பறைக்கு 1 மி.மீ. விட்டால் போதும், இதற்கு மேல் அது வளரப்போவதில்லை. வறண்ட நாளில் செய்தால் 2 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். நான் ஒருமுறை அடைமழைக் காலத்தில், இறுகுகிறதே என்று இழைத்துக்கொண்டே போனேன். கோடையில் அந்த இழுப்பறையை மூடி வைத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று இடுக்கு வழியாகவே பார்க்க முடிந்தது. காற்றோட்டத்துக்காக விட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

கோணிக்கொண்டு நிற்கும் இழுப்பறைக்கு முதலில் அளவு நாடா. இழுப்பறை உட்காரும் அறையின் அகலத்தை முன்னாலும் பின்னாலும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருக்கலாம், பின்னால் 1 மி.மீ. கூடவும் இருக்கலாம், குறைவாக மட்டும் இருக்கக் கூடாது. பாதி தூரம் போய் நிற்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் இங்கேதான். அடுத்து இழுப்பறையின் மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அளந்துவிட்டு, அதைச் சமதளத்தில் வைத்து எதிரெதிர் மூலைகளை விரலால் அழுத்துங்கள். ஆடினால் இழுப்பறை முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஆடாவிட்டால் ஓட்டக்கட்டைகளைச் சந்தேகப்படலாம். இடது வலது கட்டைகளின் மேல் குறுக்காக, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு நேரான குச்சிகளை வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு குச்சியும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். கட்டைகளை எப்படியும் மாற்றப்போகிறீர்கள், அதனால் இந்தச் சோதனையைப் புதுக் கட்டை போட்ட பிறகே செய்யுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உரசுகிறதா? அப்போதுதான் இழைப்புளி. அதையும் கண்டபடி ஓட்டக் கூடாது. இழுப்பறையின் பக்கங்களில் பென்சிலால் கிறுக்கிவிட்டு, நாலைந்து முறை உள்ளே வெளியே இழுங்கள். உரசுகிற இடத்தில் பென்சில் தேய்ந்து பளபளப்பாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் ஒரு சீவல். மறுபடி கிறுக்கு, மறுபடி இழு. அலுப்பான வேலைதான். ஆனால் மூன்றாவது நான்காவது முறையில், உள்ளே தள்ளும்போது அடைபட்ட காற்று மெல்ல வழிவிட, இழுப்பறை வழுக்கிக்கொண்டு போகும். அதை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து திறந்து காட்டுவீர்கள். கடைசியாக ஓட்டக்கட்டையிலும் இழுப்பறையின் அடிவிளிம்பிலும் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசினாக்கிவிடும்.

சேனல் போடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் பக்கவாட்டில் பொருத்தும் பால்பேரிங் சேனலுக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 12.7 மி.மீ. இடம் வேண்டும். நீங்கள் இழுப்பறைகளை அறை அளவுக்கே செய்துவிட்டதால், சேனல் என்றால் ஆறையும் பிரித்து 25 மி.மீ. குறுக்க வேண்டும். மூலைகளைப் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் வெட்டிக் கோத்துச் சேர்த்திருந்தால் (டவ்டெயில் மூட்டு) அதைப் பிரிக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

இழுப்பறையின் அடிப்பலகை பிளைவுட் என்றால் கவலையில்லை. முழு மரம் என்றால் ரேகை இடமிருந்து வலமாக ஓடட்டும். பக்கப்பலகைகளில் வெட்டிய காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசை இல்லாமல் நுழைத்து, பின்னால் மட்டும் நீள்துளையில் ஒரு திருகாணி. உள்பக்கத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசாதீர்கள், மூடிய பெட்டிக்குள் அந்த வாசனை மாதக்கணக்கில் போகாது, துணியிலும் ஏறும். அரக்கு பாலிஷ் நல்லது. வெளியே எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். குவித்துப் போட்ட எண்ணெய்த் துணி சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும்.

அப்புறம், எந்த இழுப்பறை எந்த அறைக்கு என்று பின்பக்கம் எண் போட்டு வையுங்கள். கையால் செய்த ஆறும் ஆறு விதமாகத்தான் இருக்கும். நான் பென்சிலில் எழுதி, நானே அக்கறையாக உப்புத்தாள் போட்டு அழித்தவன். நீங்கள் உளி முனையால் கீறிவிடுங்கள்.

வீட்டில் வைத்ததும் பின்பக்கத்தைச் சுவரோடு திருகாணி போட்டுப் பிணைத்துவிடுங்கள். இதில் சோம்பல் கூடாது. இழுப்பறைகளைத் திறந்து குழந்தை படியேறினால் கனமான டிரஸ்ஸர்கூட முன்னால் சாய்ந்துவிடலாம். சுவர் வரைக்கும் போக அது முதலில் பட்டறையை விட்டு வெளியே வரவேண்டும். கூட்டின் உயரம், அகலம், ஆழம் மூன்றையும் குறித்துக்கொண்டு, இன்றைக்கே வாசலையும் ஒரு தடவை அளந்து பாருங்கள். என்னுடைய முதல் டிரஸ்ஸருக்காக வாசல் நிலையையே கழற்ற வேண்டியிருந்தது.