எந்தத் திட்டத்தை ஏற்பது?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகளுக்கு எண்ணிமக் களஞ்சியம் அமைக்கச் சொல்கிறது ஆய்வுப் பிரிவு. தம் துறையின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து தரக் கேட்கிறார் ஒரு பேராசிரியர். முப்பரிமாண அச்சுக்கருவி வாங்கலாம் என்கிறது நிர்வாகம். ஊழியர் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை. எதை ஏற்பது, எதை மறுப்பது?
– ஒரு நூலகர்

பதில்: உங்களிடம் கேட்பவர்கள் எல்லாரும் திட்டத்தைத் தொடங்குவது பற்றியே பேசுகிறார்கள், தொடங்கிய பின் அதை ஆண்டுதோறும் யார் கவனிப்பது என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். களஞ்சியத்தையே எடுத்துக்கொள்வோம். அதை அமைக்க உதவும் டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருள் 2002 முதல் விலையின்றிக் கிடைக்கிறது. ஆனால் 2021-இல் வந்த அதன் ஏழாம் பதிப்பில் பயனர் இடைமுகம் அடியோடு மாற்றப்பட்டதால், முந்தைய பதிப்பின் பக்கங்களைத் தம் தேவைக்கேற்பத் திருத்தி வைத்திருந்த நூலகங்கள், புதியதற்கு மாறும்போது அந்த வேலையை மீண்டும் செய்ய வேண்டியிருந்தது. இது போக, ஒவ்வோர் ஆய்வேட்டையும் ஏற்றும்போது, ஆசிரியரின் ஒப்புதல் உள்ளதா, பிறருடைய படங்களுக்கு அனுமதி பெறப்பட்டதா, கண்டுபிடிப்புக்கான காப்புரிமை (patent) விண்ணப்பத்தின் பொருட்டுச் சில காலம் வெளியிடாமல் வைக்க வேண்டுமா என்று ஒருவர் பார்த்தாக வேண்டும். அந்த ஒருவரின் பெயரை இப்போதே சொல்ல முடிந்தால் களஞ்சியத்தை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆய்வேடுகள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருப்பதால், தள்ளிப்போடப் போட நிலுவைதான் ஏறும்.

பழைய இதழ்கள் காத்திருக்கலாம். வேறொரு நூலகம் அவற்றை ஏற்கெனவே எண்ணிமமாக்கியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு தொகுதியை மட்டும் முழுமையாக முடித்துப் பாருங்கள். நூற்கட்டு இறுக்கமாக இருந்தால் உள்விளிம்பு எழுத்துகள் நிழலில் மறையும். விடுபட்ட இதழ்களைத் தேட வேண்டும். கட்டுரைவாரியாகத் தலைப்பும் ஆசிரியரும் பதிய வேண்டும். ஸ்கேன் செய்வதைவிட இந்த வேலைகளே பெரும்பாலும் அதிக நேரம் பிடிக்கும். ஒரு தொகுதிக்கு ஆன மொத்த நேரத்தைத் தொகுதிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், பேராசிரியரிடம் காட்டத்தக்க ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

அச்சுக்கருவி வேண்டாம். பொறியியல் துறையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், அதைப் பிறரும் பயன்படுத்த வழி செய்தாலே போதும்.

ஆள் கூடாத இடத்தில் புதிய வேலை ஏற வேண்டுமானால் பழையது ஒன்று இறங்கியாக வேண்டும். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. அதே அளவுகோலை ஊழியரின் அன்றாட வேலைகளுக்கும் வைத்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. கணினியில் பதிந்த நூலையே சேர்க்கைப் பதிவேட்டில் மறுபடி கையால் எழுதும் வழக்கம் உங்களிடம் இருந்தால், தணிக்கைக்கு அது தேவையா என்று விசாரித்து, தேவையில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

மறுப்பதை வாய்மொழியாகச் சொல்லாமல், காரணத்துடன் எழுத்தில் கொடுங்கள். பேராசிரியர் தம் ஆய்வு நிதியிலிருந்து ஓர் உதவியாளரை அமர்த்தித் தந்தால் இதழ்களைப் பற்றி மீண்டும் பேசலாம் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.