19 சதவீதம் வாங்கியும் பெரோவுக்கு ஏன் பூஜ்யம்?

பெரோவுக்கு 19 சதவீத ஓட்டு, ஆனால் தேர்வாளர் ஓட்டு பூஜ்யம் என்று அட்டவணையில் இருக்கிறதே, தப்பா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் பார்த்த அட்டவணையில் தப்பில்லை. 1992 அமெரிக்க அதிபர் தேர்தலில் சுயேச்சையாக நின்ற ராஸ் பெரோ 18.9 சதவீத ஓட்டு வாங்கினார். ஆனால் அதிபரைத் தீர்மானிப்பது, மாநிலங்களின் சார்பில் தேர்வாளர்கள் போடும் ஓட்டு. அந்தத் தேர்வாளர் ஓட்டு அவருக்கு ஒன்றுகூட இல்லை. எந்த மாநிலத்திலும் அவர் முதலிடம் வரவில்லை.

அங்கே ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் முதலில் வந்தவருக்கே மொத்தத் தேர்வாளர்களும் போவார்கள். மெய்ன் மாநிலம் ஒரு விதிவிலக்கு, அங்கே தொகுதிவாரியாகவும் தேர்வாளர்களைப் பிரிப்பார்கள். அங்கேயும் என்ன ஆனது பாருங்கள். அதிபர் பதவியில் இருந்த புஷ்ஷையே 316 ஓட்டில் முந்தி பெரோ இரண்டாவதாக வந்தார். பத்தில் மூன்று பேர் அவருக்குப் போட்டார்கள். ஆனால் எந்தத் தொகுதியிலும் முதலிடம் இல்லை, அதனால் கையில் கிடைத்தது சைபர். இத்தனை பேர் ஓட்டு இப்படிப் போனதில் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை.

சந்தேகம் தீர, 1968 அதிபர் தேர்தல் முடிவுகளை மாநிலவாரியாக எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் மூன்றாவது வேட்பாளராக நின்ற ஜார்ஜ் வாலஸ் வாங்கியது 13.5 சதவீதம்தான், ஆனால் 46 தேர்வாளர் ஓட்டு. அவர் ஆதரவு தெற்கில் குவிந்திருந்தது: அலபாமா, மிசிசிப்பி, ஜார்ஜியா, லூசியானா, அர்கன்சாஸ் ஐந்திலும் முதலிடம். (நாற்பத்தாறில் ஒன்று, வட கரோலினாவில் நிக்சனுக்குப் போட வேண்டிய தேர்வாளர் மாற்றிப் போட்டது.) பெரோவின் ஓட்டோ நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தது.

ஒன்று மட்டும். இதை வைத்து, "பெரோதான் புஷ்ஷைத் தோற்கடித்தார்" என்று எழுதிவிடாதீர்கள். ஓட்டுப் போட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது, பெரோ ஆதரவாளர்களின் இரண்டாவது விருப்பம் புஷ், தேர்தலில் ஜெயித்த கிளின்டன் இருவருக்கும் கிட்டத்தட்ட சரிசமமாகவே பிரிந்தது.